‘நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே...’ முதியவருக்குத் திடீர் மனக்குழப்பம் வந்தால் வயசுக் கோளாறு என்று விடலாமா?

வத்தலக்குண்டைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடியதுதான் இது. 78 வயதுப் பெரியவர். காலையில் டீக்கடைக்குப் போய் பேப்பர் பார்த்து, பேரன் பீஸ் கட்டினானா என்று விசாரிக்கிற ஆள். நாலைந்து நாளாக லேசான காய்ச்சல், சாப்பாடும் சரியில்லை. ஒரு சாயங்காலம் மகளைப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்கிறார். எப்போதோ இறந்துபோன அண்ணன் வாசலில் நிற்பதாகச் சொல்கிறார். போர்வையைத் தடவித் தடவி எதையோ பொறுக்குகிறார். விடிந்ததும் கொஞ்சம் தெளிவு; பொழுது சாய்ந்தால் மறுபடியும் அதே கதை.

வீட்டில் மூன்று விதமான பேச்சு எழும். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "காத்து கருப்பு பட்டிருக்கும், துன்னூறு போட்டுட்டு வருவோம்" என்பார் இன்னொருவர். "செத்தவுக கண்ணுக்குத் தெரிஞ்சா இனி நாள் கணக்குத்தான், சொந்தபந்தத்துக்குச் சொல்லி விட்ருங்க" என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே அந்தப் பெரியவரின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஏனெனில், இந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: டெலிரியம். இது மூளைக்கு வந்த மூப்பு அல்ல. உடம்பில் வேறெங்கோ நடக்கும் கோளாறுக்கு மூளை அடிக்கும் அபாய மணி. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். தவறவிட்டால் காரணமான நோய் முற்றிவிடுகிறது.

டெலிரியம் என்றால் என்ன?

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று தோன்றும் மனக்குழப்பமே டெலிரியம். இதில் முதலில் அடிபடுவது கவனம். சொன்னதைப் பிடித்து வைக்க முடியாது. கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லும்போதே வேறெங்கோ போய்விடுவார்கள். இடம், நேரம், ஆள் அடையாளம் குழம்பும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பகல் தூக்கம், இரவு விழிப்பு என்று பொழுது தலைகீழாகும். நிலைமை ஒரே மாதிரி இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

தமிழருக்கு இது புதிய விஷயமும் அல்ல. கடுங்காய்ச்சலில் நினைவு தடுமாறிப் பிதற்றுவதை "ஜன்னி கண்டிருச்சு" என்று கிராமங்களில் இன்றும் சொல்வதுண்டு. அந்தச் சொல்லில் ஒரு சரியான புரிதல் இருக்கிறது. பிதற்றலுக்குக் காரணம் உடம்பில் இருக்கும் நோய் என்பதுதான் அது. ஆனால் முதியவர்களுக்குப் பெரிய காய்ச்சல் இல்லாமலேயே டெலிரியம் வரும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

அரிதான பிரச்சினையும் இல்லை. மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் சேரும் முதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு டெலிரியம் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களிடமும் இது இன்னும் அதிகம்.

மறதி நோயும் இதுவும் ஒன்றா?

இல்லை. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் குடும்பத்தாரால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. டெலிரியத்தில் முடியும். "புதன்கிழமை சாயங்காலத்துல இருந்து" என்று சொல்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், மறதி நோய் உள்ளவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு மிக அதிகம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் ஒருவர் திடீரென மோசமானால், "மறதி நோய் முத்திருச்சு" என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. மறதி நோய் ஒரே நாளில் முற்றாது. ஒரே நாளில் மோசமானால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சத்தம் போடாத டெலிரியம்

கட்டிலை விட்டு இறங்குவது, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவது, மூத்திர டியூபை இழுப்பது, கூச்சல் போடுவது என்றால் உடனே எல்லோரும் ஓடி வருவார்கள். ஆனால் முதியவர்களிடம் அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறவிடப்படுவதும் இதற்கு நேரெதிரான வகை. அவர்கள் பேசாமல் சுருண்டு படுத்திருப்பார்கள். சோறு கொடுத்தால் வாயிலேயே வைத்திருப்பார்கள். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்கள்.

"பாவம், அசதியில தூங்குறாக. எழுப்ப வேண்டாம்" என்று வீட்டார் சொல்வார்கள். வார்டிலும் தொந்தரவு தராத நோயாளி என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அமைதியாகக் கிடக்கும் இந்த வகையில்தான் பின்விளைவுகள் மோசம். டெலிரியம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கண்டறியப்படாமலே போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எதனால் வருகிறது?

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளலாம். புது மோட்டார் கொஞ்சம் லோ வோல்டேஜ் வந்தாலும் தாக்குப்பிடிக்கும். பல வருஷம் ஓடிய மோட்டார் சின்ன ஏற்ற இறக்கத்திலேயே நின்றுவிடும். அதுபோல, திடகாத்திரமான 60 வயதுக்காரருக்கு டெலிரியம் வர பெரிய நோய் தேவைப்படும். ஏற்கெனவே மறதி, பார்வைக் குறைவு, காது மந்தம், பல நோய்கள், பல மாத்திரைகள் என்று இருக்கும் 85 வயதுக்காரருக்கு மலச்சிக்கலோ, ஒரு புது மாத்திரையோகூடப் போதும்.

வழக்கமான காரணங்கள் இவை: சிறுநீர்த் தொற்று, நிமோனியா போன்ற கிருமித் தொற்றுகள், உடம்பில் நீர் வற்றுவது, ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைவது, சுகர் மாத்திரை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததால் சர்க்கரை இறங்குவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தீராத வலி, அறுவை சிகிச்சை, ஆக்சிஜன் குறைவு, மாரடைப்பு, பக்கவாதம், கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கசிவது. பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும்.

சமவெளிக் கோடையில் நீர் வற்றுவது தனிப் பிரச்சினை. வயதாக ஆகத் தாகம் தெரிவது குறைகிறது. "தண்ணி குடிச்சா ராத்திரி நாலு தடவ எந்திரிக்கணும்" என்று வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு. பி.பி.க்காகக் கொடுக்கப்படும் சில நீர் மாத்திரைகள் சோடியத்தை இறக்கும். இரண்டும் சேரும்போது குழப்பம் வருகிறது.

மருந்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள், சளி அரிப்புக்கான பழைய அலர்ஜி மருந்துகள், வயிற்றுப் பிடிப்புக்கான சில மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் ஆகியவை முதிய மூளையைக் குழப்பக்கூடியவை. இவற்றில் சிலவற்றை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருப்பதால், மருத்துவரின் சீட்டில் அந்தப் பெயரே இருக்காது.

இன்னொன்று, குடிப்பழக்கம். தினமும் குடித்துவந்தவர் காலை உடைத்துக்கொண்டு வார்டில் சேர்ந்தால், குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, பிரமையோடு கடுமையான டெலிரியம் வரலாம். இதற்குச் சிகிச்சையே வேறு. கௌரவம் பார்த்து வீட்டார் மறைத்தால் மருத்துவர் தவறான திசையில் தேடிக்கொண்டிருப்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ டெலிரியத்தைக் காட்டாது. அவை காரணத்தைத் தேடத்தான் உதவும். டெலிரியத்தைக் கண்டுபிடிப்பது பேசிப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான்.

அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோயியின் குழு 1990-ல் வெளியிட்ட முறை நான்கு அம்சங்களைப் பார்க்கிறது. திடீரெனத் தொடங்கி ஏறி இறங்குகிறதா, கவனம் சிதறுகிறதா என்பவை முதல் இரண்டு. இந்த இரண்டுமே இருக்க வேண்டும். இவற்றோடு, பேச்சு கோர்வையில்லாமல் இருப்பது அல்லது விழிப்பு நிலை மாறியிருப்பது, இவற்றில் ஒன்றாவது இருந்தால் டெலிரியம்.

எடின்பரோவில் உருவான ‘4ஏடி’ என்ற சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். விழிப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். கடைசியாக, திடீர் மாற்றம் ஏற்பட்டதா, நிலைமை ஏறி இறங்குகிறதா என்று விசாரிப்பார்கள். 4 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியமாக இருக்கலாம்.

இந்தக் கேள்விகளை வத்தலக்குண்டில் கேட்டால் ஒரு சிக்கல் வரும். பிறந்த தேதியே தெரியாத அப்பத்தாக்கள் இங்கே ஏராளம். பள்ளிக்கூடம் போகாதவரிடம் டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், தெளிவாக இருப்பவரும் திணறுவார். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது போன்ற மாற்று வழிகள் தேவைப்படும்.

ஆனால் அதே சோதனையின் கடைசிக் கேள்விக்குப் படிப்புத் தேவையில்லை. அதற்கு ‘ஆமாம்’ என்ற பதில் வந்தால், அது ஒன்றுக்கே 4 மதிப்பெண். அந்தப் பதில் இருப்பது நோயாளியிடம் அல்ல, கூட வந்தவரிடம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக டாக்டர், இன்னைக்குத்தான் என்னமோ மாதிரி இருக்காக" என்று மகள் சொல்வதுதான் இங்கே மிக முக்கியமான பரிசோதனை முடிவு. "இவர் வழக்கத்தைவிடக் குழம்பியிருப்பதாக நினைக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வியை உறவினரிடம் கேட்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2010-ல் சோதித்துப் பார்த்து, பயனுள்ளது என்று எழுதியிருக்கிறார்கள்.

பிரச்சினை, அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்பதுதான். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அதற்கு நேரம் இருப்பதில்லை. வயதைப் பார்த்ததும், குழப்பம் பழையது என்று முடிவு கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும், கூட வந்தவரே மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: முன்பு எப்படி இருந்தார், எப்போது மாறினார், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்தையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

திடீர் குழப்பம் என்றாலே அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழப்பத்தோடு கை கால் இழுப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, சமீபத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. சுகர் நோயாளி என்றால் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

வார்டில் என்ன செய்யலாம்?

முதல் சிகிச்சை, காரணத்தைச் சரிசெய்வது. அடுத்தது, குழம்பிய மூளைக்குப் பிடிமானம் கொடுப்பது. இதற்கு மருந்தைவிட ஆள்தான் தேவை.

இனோயியின் குழு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. இடம், நாள் சொல்லி நினைவூட்டுவது, கண்ணாடியும் காது கருவியும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுவது, இரவில் மாத்திரை இல்லாமல் தூங்க உதவுவது போன்ற எளிய வேலைகளைத் திட்டமிட்டுச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இந்தக் கவனிப்பைப் பெற்றவர்களில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஒருமுறை டெலிரியம் வந்துவிட்டால், அதன் தீவிரத்தை இந்த முறை பெரிதாகக் குறைக்கவில்லை. ஆகவே, வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

அங்கே இந்த வேலைகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கும் அட்டெண்டர் இருக்கிறார். அவருக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் குறை.

அவர் செய்யக்கூடியவை எளிமையானவை. வீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் கொண்டுவந்து போட்டுவிடலாம். "நான் உங்க மக வந்திருக்கேன்பா. இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு வெள்ளிக்கிழம. காலையில பத்து மணி ஆகுது" என்று நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லலாம். பகலில் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, மருத்துவர் அனுமதித்தால் தண்ணீர், கஞ்சி கொடுப்பது, நடக்க வைப்பது, மலம் போய் எத்தனை நாள் என்று கவனித்துச் சொல்வது எல்லாமே சிகிச்சைதான். ஆளுக்கு ஒரு நாள் என்று மாறுவதைவிட, அவருக்குப் பழகிய ஒன்றிரண்டு பேரே இருப்பது நல்லது. பார்க்க வரும் கூட்டத்தைக் குறைக்க வேண்டும்.

"அண்ணன் வந்து நிக்கிறான்" என்றால், "அவர் செத்து எத்தனை வருஷமாச்சு" என்று வாதாட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "எனக்கு யாரும் தெரியலப்பா. பயப்படாதீக, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்பது போதும். "மருமக சோத்துல விஷம் வச்சுட்டா" என்று சொல்லிவிட்டால், அதை நோயின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பேச்சு, நோய் தீர்ந்த பிறகும் குடும்பத்தில் பகையாகத் தங்கிவிடக் கூடும். குழப்பம் தெளியும்வரை சொத்து, பணம் தொடர்பாகக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவே கூடாது.

கட்டிப்போடலாமா? தூக்க ஊசி போடலாமா?

கையைக் கட்டிலோடு கட்டினால் பயமும் திமிறலும் கூடும். காயமும் படுக்கைப் புண்ணும் சேரும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு. தேவையில்லாத டியூபுகளை எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

அமைதிப்படுத்தும் மருந்துகள் டெலிரியத்தைக் குணப்படுத்துவதில்லை. தீவிர சிகிச்சையில் டெலிரியத்துடன் இருந்த 566 பேரிடம் ஹாலோபெரிடால், சிப்ரசிடோன் மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2018-ல் வெளியானது. மருந்தில்லாத வெற்று ஊசியோடு ஒப்பிடும்போது, டெலிரியம் நீடித்த நாட்கள் குறையவில்லை. நோயாளி தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், வேறு வழி பலிக்காதபோது மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். பார்கின்சன் நோய் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹாலோபெரிடால் அவர்களுக்கு ஆகாது. தூக்க மாத்திரை வகைகள் பொதுவாகக் குழப்பத்தைக் கூட்டும். குடி நிறுத்தியதால் வரும் டெலிரியம் இதற்கு விதிவிலக்கு; அங்கே அந்த வகை மருந்தும் தயமின் வைட்டமினும்தான் சிகிச்சை.

மூன்று சாலை ஊரின் சிக்கல்

வத்தலக்குண்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை, தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மூன்று திசையிலும் போகலாம். இது வசதிதான். ஆனால் இடம் மாறுவதே முதியவரின் குழப்பத்தைக் கூட்டும். ஊர் மாறி, வார்டு மாறி, மருத்துவர் மாறும்போது, "இவர் முன்னாடி எப்படி இருந்தார்" என்ற தகவல் வழியிலேயே தொலைந்துவிடுகிறது. மூன்றாவது வார்டில் பார்க்கும் மருத்துவருக்கு, இவர் எப்போதுமே இப்படித்தான் என்று தோன்றும். ரெஃபர் சீட்டில் "இந்தத் தேதியிலிருந்து திடீர்க் குழப்பம்; அதற்கு முன் நல்ல தெளிவு" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்பது பெரிய உதவி.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில் 1978-ல் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்கு 10 படுக்கை வார்டு என்பதை 2010-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம் வகுத்தது. ஆனால் முதியவர்கள் பெரும்பாலும் சேர்வது எலும்பு வார்டிலும், பொது மருத்துவ வார்டிலும், ஊர்ப்பக்கத் தனியார் மருத்துவமனைகளிலும்தான். டெலிரியத்தை அடையாளம் காணும் பழக்கம் அங்கே வர வேண்டும்.

தேவையும் கூடிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக உயரும் என்பது அரசின் கணிப்பு. பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் முதியவரின் ‘நேற்றைய நிலை’யைச் சொல்ல ஆளே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிப் போய் சுகர், பி.பி. மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு அந்தப் பெரியவர்களைத் தெரியும். "போன தடவ பார்த்ததுக்கு இப்ப எப்படி இருக்காரு?" என்ற கேள்வியையும் அவர்களின் வேலையில் சேர்த்தால், புதிதாகக் கட்டடமோ கருவியோ இல்லாமலே பலரை முன்கூட்டியே கண்டறியலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழம்பிய முதியவருக்குப் பழகிய ஒருவரைச் சிறிது நேரம் அனுமதிப்பதும் அப்படித்தான்.

வீடு திரும்பிய பிறகு

காரணம் சரியான உடனே குழப்பம் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. சிலருக்குச் சில நாள், சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். சிலருக்கு நினைவாற்றல் முழுமையாகத் திரும்புவதில்லை. பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே சில மாதங்கள் கழித்து நினைவாற்றலை ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம் என்பதால் டிஸ்சார்ஜ் சீட்டில் அதைக் குறிக்கச் சொல்லி, அடுத்த அறுவை சிகிச்சைக்கு முன் காட்ட வேண்டும். நடந்ததில் சிலது அவருக்கு அரைகுறையாக நினைவிருக்கும், வெட்கப்படுவார். "அது காய்ச்சல் பண்ணின வேலப்பா" என்று சொல்லி, அதைக் கேலிப் பேச்சாக்காமல் விடுவது குடும்பத்தின் கடமை.

"வயசாயிருச்சு, அப்படித்தான்" என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன் வீட்டாரும் மருத்துவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவர் நேத்து எப்படி இருந்தார்?